சுருள்பாசி வளர்ப்பு: குளிர்நாட்டுக் கணக்கும் காரைக்கால் கணக்கும்

சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள், காரைக்கால் வட்டாரத்திலுள்ள ஒரு கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்த மகளிர் சுயஉதவிக் குழுவினர் பன்னிரண்டு பேர் என் அலுவலகத்திற்கு வந்திருந்தனர். அவர்கள் கையில் வங்கிக் கடனுக்கான விண்ணப்பம் ஒன்றும், பளபளப்பான காகிதப் பொட்டலம் ஒன்றும் இருந்தன. பொட்டலத்தில் கரும்பச்சை நிறத்தில் சேமியாவைப் போன்ற சிறு துண்டுகள் நூறு கிராம் இருந்தன. அவர்களில் ஒருவருடைய தமையனார் பிரான்சு நாட்டின் தென்பகுதியில் வாழ்பவர். விடுமுறைக்கு ஊர் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தாராம். 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் காரைக்காலில், அந்நாட்டில் உறவினர் இல்லாத தெரு அரிது என்பதை வாசகர் அறிவர். பொட்டலத்தின் மீது விலை 16 யூரோ என்று அச்சிட்டிருந்தது.

“ஐயா, நூறு கிராம் ஆயிரத்து அறுநூறு ரூபாய் என்றால் கிலோ பதினாறாயிரம் ஆகிறது. ஒரு தொட்டியில் ஆண்டுக்கு அறுபது கிலோ எடுக்கலாம் என்கிறார்கள். ஒன்பது லட்சத்து அறுபதாயிரம் ரூபாய் வருகிறதே!” என்றார் குழுவின் தலைவி. பெருக்கலில் பிழையில்லை. ஆயினும் அந்தக் கணக்கை அப்படியே ஏற்று விண்ணப்பத்தில் கையொப்பமிட எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, பின்னர்ச் சொல்கிறேன். அவர்களுக்கு அன்று வாய்மொழியாகக் கூறியதையும், அதன்பின் இரண்டு மாத காலம் படித்தும் விசாரித்தும் அறிந்துகொண்டதையும் மற்ற ஊராட்சிகளின் உறுப்பினர்களுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி இங்கு எழுதுகிறேன்.

சுருள்பாசி என்பது யாது?

நெல் வயலில் தழைச்சத்துக்காக நாம் இடும் நீலப்பச்சைப் பாசியை விவசாயிகள் அறிவார்கள். சுருள்பாசி அதன் உறவினமே. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய இழை, நூற்கம்பியைச் சுற்றி வைத்தாற்போன்ற வடிவினது. இதனை ஸ்பைருலினா என்று வழங்குவர். உப்பும் காரமும் மிகுந்த, வேறு பாசிகள் வாழ அஞ்சுகின்ற நீரில் இது செழித்து வளரும். நீரின் காரத்தன்மை பி.எச். கணக்கில் 9.5 முதல் 10.5 வரை இருக்கவேண்டும். நீரின் வெப்பம் 30 முதல் 37 டிகிரி வரை இருந்தால் நன்று. 20 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். 40 டிகிரிக்கு மேல் சென்றால் பாசி நலிந்து இறக்கத் தொடங்கும்.

உலர்ந்த பாசியில் நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு வரை புரதச் சத்து உண்டு. இரும்புச் சத்தும், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறக்கூடிய கரோட்டினும் உண்டு. பி12 வைட்டமினும் மிகுதியாக உண்டு என்று விளம்பரங்களில் காண்கிறோம். அதில் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத போலி வடிவத்தில் இருப்பது என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். ஆகையால் அதனை நம்பி எவரும் விலை கொடுக்க வேண்டுவதில்லை.

இது புதிய உணவன்று. ஆப்பிரிக்காவில் சாடு ஏரியின் கரையில் வாழும் கானெம்பு இனப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக உவர்க்குட்டைகளிலிருந்து இதனை வாரி, மணலில் ஊற்றி உலர்த்தி, ‘திஹே’ என்னும் வில்லைகளாக்கிச் சந்தையில் விற்று வருகின்றனர். குழம்பில் கரைத்து உண்கின்றனர். 1964-65இல் அவ்வழியே சென்ற பெல்ஜிய நாட்டுத் தாவர அறிஞர் ழான் லெயோனார் அதனைச் சோதித்து உலகறியச் செய்தார். அங்கே தொட்டி இல்லை, இரசாயனம் இல்லை; ஏரியே எல்லாவற்றையும் தருகிறது. ஆகவே அங்கு அது ஏழையின் குழம்புப் பொருள். பிரான்சில் அதே பொருள் செல்வர் வாங்கும் பொட்டலம். இந்த இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதே நாம் ஆராய வேண்டிய பொருளாதாரம்.

குளிர்நாட்டில் என்ன செய்கிறார்கள்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின், பெருகிவரும் மக்கட்தொகைக்குப் பாசியே மலிவான புரதம் தரும் என்ற நம்பிக்கை மேல்நாடுகளில் பரவியிருந்தது. 1951இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், ஒரு கட்டடத்தின் மாடியில் குளோரெல்லா என்னும் வேறொரு நுண்பாசியைப் பிளாஸ்டிக் குழாய்களில் வளர்த்துப் பார்த்தனர். வாஷிங்டனிலுள்ள கார்னெகி நிறுவனம் 1953இல் அதன் முடிவுகளை நூலாக வெளியிட்டது. பாசி வளர்ந்தது என்னவோ உண்மை. செலவுதான் எதிர்பார்த்ததைவிட மிகுதியாயிற்று. பின்னர் ஜப்பான் நாட்டவர் 1960களில் குளோரெல்லாவை ஏழைகளின் புரதமாக அல்லாமல், விலையுயர்ந்த சத்து மாத்திரையாக விற்கத் தொடங்கியே அத்தொழிலை நிலைநிறுத்தினர். எழுபது ஆண்டுகள் ஆகியும் இந்த நிலைமை அடிப்படையில் மாறவில்லை.

காரணம் வெப்பமும் வெளிச்சமுமே. பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், இருபது சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 10,000 லிட்டர் நீர் கொள்ளும். அந்நீரின் வெப்பத்தை ஒரே ஒரு தடவை 10 டிகிரி உயர்த்த ஒரு லட்சம் கிலோ கலோரி வேண்டும். மின்சாரக் கணக்கில் 116 யூனிட். யூனிட் ஏழு ரூபாய் என்று வைத்தாலும் எண்ணூறு ரூபாய்க்கு மேல் ஆகிறது. இரவில் அந்தச் சூடு மீண்டும் ஆகாயத்திற்குப் போய்விடும். அந்தத் தொட்டி ஒருநாளில் தருவதோ உலர் எடையில் 300 கிராம் அளவே. வெளிச்சத்தையும் விளக்கால் கொடுப்பதென்றால் நிலைமை இன்னும் மோசம். ஒரு கிலோ உலர்ந்த பாசிக்குள் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஆறு யூனிட்தான். ஆனால் விளக்குக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்குச் சில பங்கே பாசியின் உடலாக மாறுவதால், அந்த ஒரு கிலோவுக்கு நூறு யூனிட்டுக்கு மேலும் செலவிட நேரும்.

ஆகையால் குளிர்நாட்டார் மூன்று வழிகளில் ஒன்றைக் கைக்கொள்கின்றனர். பிரான்சின் சிறு விவசாயிகள் பாலிதீன் கூடாரத்தின் கீழ்த் தொட்டி அமைத்து, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் வளர்த்து, குளிர்காலத்தில் தொழிலை நிறுத்திவிடுகின்றனர். அத்தகைய பண்ணைகள் அந்நாட்டில் நூற்றுக்கு மேல் உள்ளன. தெற்கே இயேர் நகரத்தில் அதற்கென வேளாண் பயிற்சியும் நடக்கிறது. ஜெர்மனியில் குளோட்ஸே என்னும் ஊரில் கண்ணாடி மனைக்குள் சுமார் 500 கிலோமீட்டர் நீளக் கண்ணாடிக் குழாய்களில் குளோரெல்லா வளர்க்கும் ஆலையை நிறுவினர். முதல் பெரிதுடையோர்க்கே அது இயலும். மூன்றாவதாக, ஐஸ்லாந்தில் பூமியின் அடிவெப்பத்தைக் கொண்டு இயங்கும் மின்நிலையத்திலிருந்து வெளியாகும் சுடுநீரையும் கரியமில வாயுவையும் பயன்படுத்தி நுண்பாசி வளர்க்கின்றனர். வீணாகும் வெப்பம் கிடைத்தால் குளிர்நாட்டிலும் பாசி பிழைக்கும் என்பது இதனால் தெளிவாகிறது.

பிரெஞ்சு விவசாயி ஆண்டில் ஏழு மாதமே விளைவித்தும் எப்படிக் கட்டுப்படியாகிறது? அவர் கிலோவுக்கு 100 யூரோவுக்கு மேல் விலை பெறுகிறார். ஆனால் அந்த விலையை அவருக்கு எந்த மொத்த வியாபாரியும் கொடுப்பதில்லை. பண்ணை வாசலிலும் வாரச் சந்தையிலும், தம் முகத்தை அறிந்த வாடிக்கையாளருக்கு, நூறு நூறு கிராமாக அவரே விற்கிறார். நம் குழுவினர் கண்ட 16 யூரோவில் கூடாரத்தின் செலவும், அந்நாட்டுக் கூலியும், சந்தையில் நின்று பேசிய பொழுதும் எல்லாம் அடங்கியிருக்கின்றன. அது பாசியின் விலையன்று. அந்த விவசாயி பல ஆண்டுகளில் ஈட்டிய நம்பிக்கையின் விலை.

நீலகிரி, கொடைக்கானல் பகுதிகளைச் சேர்ந்த ஊராட்சி நண்பர்கள் தங்கள் ஊரில் இது கூடுமா என்று கேட்கலாம். கூடாரமிட்டால் கோடையில் சில மாதம் கூடும். ஆனால் சமவெளியில் ஆதவன் இலவசமாகக் கொடுப்பதை மலையில் விலைக்கு வாங்கி, அதே சந்தையில் போட்டியிடுவது அறிவுடைமை ஆகாது. மலைக்கு உருளைக்கிழங்கும் காரட்டும் தேயிலையும் இருக்கின்றன.

நம் நாட்டில் நடந்த முயற்சிகள்

மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1970களில் ஜெர்மானியர் உதவியுடன் பாசி ஆராய்ச்சியை மேற்கொண்டது. சென்னையில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் சி. வி. சேஷாத்ரி அவர்களும் அவருடைய குழுவினரும் இதனைக் கிராமத்துப் பெண்கள் கையாளும் அளவுக்கு எளிமைப்படுத்தினர். மண்தாழிகளைப் பாதி மண்ணில் புதைத்து, அவற்றில் சாண எரிவாயுக் கலத்தின் கழிவுநீர், சமையல் சோடா, உப்பு முதலியவற்றைக் கரைத்து, நாளுக்குச் சிலமுறை கலக்கிவிட்டு, மூன்று நான்கு நாளில் துணியால் வடித்தெடுக்கும் முறை அவர்கள் பரப்பியது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் ஏறத்தாழ 5,000 பேருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு கிராம் வீதம் சுருள்பாசி கொடுத்துச் சோதித்ததில், வைட்டமின் ஏ குறைவால் கண்ணின் வெண்படலத்தில் தோன்றும் புள்ளிகள் பெரிதும் குறைந்ததாகச் சேஷாத்ரி 1993இல் எழுதினார். அதே மாவட்டத்து ஊனையூரில் பின்னர் பாரி நிறுவனத்தார் பெரும் பண்ணை அமைத்து ஏற்றுமதி செய்யலாயினர். மதுரையிலும் ஆரோவில்லிலும் சிறு பண்ணைகள் தோன்றின.

புதுக்கோட்டையின் வறண்ட பூமியில் இத்தொழில் வேரூன்றியது தற்செயலன்று. வெயில் மிகுதி, மழை குறைவு. காரைக்காலின் நிலைமையோ வேறு.

நம் கடற்கரையின் சாதக பாதகங்கள்

வெயிலுக்கு நமக்குக் குறைவில்லை. மார்கழி, தை மாதங்களிலும் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கடலோர நிலத்தடி நீர் உப்பாக மாறி நெல்லுக்கு உதவாத இடங்கள் பல உள்ளன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அதனை இன்னும் மோசமாக்கியது. உப்பைப் பொறுக்கும் பயிராகையால் சுருள்பாசி அங்கும் வளரும். காவிரியின் கடைமடையில் இருக்கும் நமக்கு 2007இல் நடுவர் மன்றம் ஒதுக்கியது 7 டி.எம்.சி. நீரே. ஒரு தொட்டிக்கு ஒருமுறை 10,000 லிட்டர் நிரப்பியபின், கோடையில் ஆவியாவதை ஈடுசெய்ய நாளுக்கு 250 லிட்டர் அளவு ஊற்றினால் போதும். வடித்த நீர் மீண்டும் தொட்டிக்கே போகிறது.

பாதகம் ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்வது நமக்குப் புதிதன்று. திறந்த தொட்டியில் அது 5,000 லிட்டர் நன்னீரைக் கொட்டிவிடும். இருபது சென்டிமீட்டர் நீர் முப்பது ஆகும், கரைசலின் வலிமை மூன்றில் இரண்டு பங்காகக் குறையும், காரத்தன்மை தாழும், காரத்துக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த வேற்றுப் பாசிகளும் புழுக்களும் உள்ளே புகும்.

நான் முன்னர்ச் சொன்ன காரணம் இதுவே. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பொறுப்பில் இருந்தபோது, நான்கு பெண்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு தொட்டிக்கு மதிப்பீடு தயாரித்துக் கொடுத்தவன் நான். மானியத் தொகைக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக மேற்கூரையை மதிப்பீட்டிலிருந்து நீக்கினேன். ஆவணியில் தொடங்கினார்கள், புரட்டாசி முழுதும் கரும்பச்சையாகப் பொலிந்தது. ஐப்பசி மாதத்தில் மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் சென்று பார்த்தபோது தொட்டி பழுப்பு நிறமாகி, நாற்றமெடுத்துக் கிடந்தது. போட்ட சோடாவும் உப்பும் வாய்க்காலில் போயின. அந்தப் பெண்கள் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடனை மட்டும் இரண்டு ஆண்டுகள் நாற்று நட்டு வந்த கூலியிலிருந்து கட்டித் தீர்த்தார்கள். கூரையை நீக்கிய கோடு என் கையால் இட்டது.

கூரை போட்டாலும் புயலை நினைக்கவேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, வேதாரண்யம் பகுதியில் கரை கடந்தபோது இக்கரையோரத்தில் எத்தனை கூரைகள் பறந்தன என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆகவே நம் பகுதியில் ஐப்பசி முதல் மார்கழி வரை உற்பத்தியை நிறுத்தி, விதைப்பாசியை மட்டும் வீட்டுக்குள் கண்ணாடிச் சாடிகளில் காத்து வைத்திருந்து, தை பிறந்தபின் மீண்டும் தொடங்குவதே உசிதம். பிரெஞ்சு விவசாயி பனிக்கு அஞ்சி நிறுத்துகிறார். நாம் மழைக்கு அஞ்சி நிறுத்துகிறோம். நமக்கும் ஆண்டில் ஒன்பது மாதமே. சித்திரை, வைகாசியில் பிற்பகலில் நீர் 40 டிகிரியைத் தொட்டுவிடாதபடி நிழல்வலை கட்டவும் வேண்டும்.

வரவு செலவு

இனிக் கணக்குக்கு வருவோம். கீழே கண்ட விலைகள் கணக்கின் பொருட்டு நான் வைத்துக்கொண்டவை. வாசகர் தத்தம் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், வழிமுறைதான் முக்கியம்.

ஒரு தொட்டியின் பரப்பு 50 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 6 கிராம் என்றால் 300 கிராம். விளம்பரத்தில் 10 கிராம் என்று சொல்வார்கள். நல்ல கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு நல்ல நாளில் கிடைப்பது அது. ஆண்டில் 220 நாள் அறுவடை என்றால் 66 கிலோ. கழிவு போக 60 கிலோ. தொடக்கத்தில் கரைசலுக்கு லிட்டருக்கு 8 கிராம் வீதம் சமையல் சோடா 80 கிலோவும், 5 கிராம் வீதம் உப்பு 50 கிலோவும் வேண்டும். பின்னர் எடுக்கும் பாசிக்கு ஈடாக உரம் இடவேண்டும். ஒரு கிலோ உலர்பாசியில் 100 கிராம் அளவு தழைச்சத்து இருப்பதால், 46 பங்கு தழைச்சத்துள்ள யூரியா 220 கிராமுக்குக் குறையாமல் தேவை. இங்கே ஒரு எச்சரிக்கை: கடையில் விவசாயத்துக்குக் கிடைக்கும் மானிய யூரியா 2015 முதல் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அதனை உண்ணும் பொருளுக்கான தொட்டியில் இடலாகாது. மானிய உரத்தை வேறு தொழிலுக்குத் திருப்புவது சட்ட விரோதமுமாகும். தூய தர இரசாயனமே வாங்கவேண்டும். மலிவான இரசாயனத்தில் ஈயம், ஆர்சனிக் முதலிய நச்சு உலோகங்கள் இருப்பின் அவை பாசியில் சேர்ந்துவிடும்.

இரசாயனம், மின்சாரம், பொட்டலம் ஆகியவற்றுக்குக் கிலோவுக்கு 200 ரூபாய் என்று வைப்போம். தொட்டி, கூரை, கலக்கும் பொறி, பிழியும் கருவி, உலர்த்தும் பெட்டி ஆகியவற்றுக்கு 1,20,000 ரூபாய் முதல், ஆறு ஆண்டில் தேயும் என்றால் ஆண்டுக்கு 20,000, கிலோவுக்கு 333. ஆய்வகப் பரிசோதனைக்கு ஆண்டுக்கு 20,000. அதுவும் கிலோவுக்கு 333. இனி, பெரும்பாலோர் எழுத மறக்கும் இனம் ஒன்று உண்டு: கூலி. காலையில் வடித்து, கழுவி, பிழிந்து, இழையாக்கி, உலர்த்தி முடிக்க ஒருவருக்கு அரைநாள் போகும். அரைநாள் கூலி 250 என்றால், பராமரிப்பு நாட்களையும் சேர்த்து 250 நாளுக்கு 62,500 ரூபாய், கிலோவுக்கு 1,042. ஆக மொத்தம் கிலோவுக்கு 1,908 ரூபாய் அடக்க விலை. “வீட்டுப் பெண்கள்தானே செய்கிறோம், கூலி எதற்கு?” என்று குழுவினர் கேட்டனர். அதே அரைநாளை வேறு வேலைக்குக் கொடுத்தால் கூலி உண்டல்லவா? தன் உழைப்பைச் சுழியம் என்று எழுதும் கணக்கில் எல்லாத் தொழிலும் இலாபமாகவே தோன்றும்.

நான்கு தொட்டிகளாக அமைத்தால் என்ன? உற்பத்தி 240 கிலோ. ஆனால் வேலை நான்கு மடங்கு ஆகாது. இருவர் அரைநாள் செய்தால் போதும். கூலி 1,25,000, கிலோவுக்கு 521. பரிசோதனைச் செலவு அதே 20,000தான், கிலோவுக்கு 83. கருவிகள் பொதுவாதலால் முதல் 3,60,000 என்று வைத்தால் தேய்மானம் கிலோவுக்கு 250. மற்றவை 200. மொத்தம் 1,054. தனித் தொட்டியைவிட ஏறக்குறையப் பாதி. ஒரு வீட்டுக்கு ஒரு தொட்டி என்று பன்னிரண்டு வீட்டுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது நியாயமாகத் தோன்றினாலும், பொருளாதாரத்தில் அது பன்னிரண்டு நஷ்டங்களாகும்.

இனி விற்பனை. குழுவினரிடம் ஒரு நிறுவனத்தின் முகவர் வந்து, விதைப்பாசியும் கருவிகளும் தாங்களே தருவதாகவும், விளைந்ததைக் கிலோ 600 ரூபாய்க்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் கூறியிருந்தார். 600க்கு விற்றால் நான்கு தொட்டியிலும் கிலோவுக்கு 454 வீதம் ஆண்டுக்கு ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் ரூபாய் அளவுக்குத் துண்டு விழும். முகவருக்கு இலாபம் பாசியில் இல்லை, கருவி விற்பதில் இருக்கிறது. 2012இல் கொங்கு நாட்டில் ஈமுக்கோழி வளர்த்தவர்கள் பட்ட பாட்டை நினைவூட்டினேன். அங்கேயும் திரும்ப வாங்குவதாக எழுதிக் கொடுத்த காகிதம் எல்லோரிடமும் இருந்தது.

நேரடியாக நுகர்வோருக்குக் கிலோ 1,500 வீதம் விற்றால் ஆண்டுக்கு ஒரு லட்சத்து ஏழாயிரம் மிஞ்சும். முதல் ஆண்டின் வட்டியாக நூற்றுக்குப் பத்து வீதம் 36,000 கழித்தால் 71,000. பன்னிரண்டு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. செய்த வேலைக்குக் கூலி தனியே கிடைத்துவிட்டதால் இது வெறுக்கத்தக்கதன்று. ஒன்பது லட்சத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு மட்டுமே கசக்கும். ஆனால் 240 கிலோவையும் யார் உண்பது? ஒருவர் நாளுக்கு 3 கிராம் உண்டால் ஆண்டுக்கு 1,100 கிராம் ஆகும். ஆகவே ஆண்டு முழுதும் விடாது வாங்கும் 220 பேர் வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி காரைக்கால் மாவட்ட மக்கள் இரண்டு லட்சம் பேர். அதில் 220 பேர் கிடைப்பது இயலாததன்று; ஆனால் அவர்களைத் தேடிப் பெறுவது தொட்டி வெட்டுவதைவிடக் கடினமான வேலை. சனிக்கிழமைதோறும் திருநள்ளாறு வரும் யாத்திரிகர்களிடம் விற்றுவிடலாம் என்றார் ஒருவர். யாத்திரிகர் ஒருமுறை வாங்குவார். இந்தப் பொருளின் வாசனையை முதன்முறை முகர்ந்தவர் இரண்டாம் முறை வாங்கவேண்டுமென்றால், அதன் பயனை யாரேனும் பொறுமையாக எடுத்துரைத்திருக்க வேண்டும்.

புரதத்திற்காகவா, சத்திற்காகவா?

நிலத்தின் கணக்கில் சுருள்பாசிக்கு நிகரில்லை. எக்டேருக்கு ஐந்து டன் நெல் விளையும் வயலில் 50 சதுர மீட்டரில் கிடைப்பது 25 கிலோ நெல். அரிசியாக்கினால் அதில் புரதம் ஒரு கிலோவைச் சற்று மிஞ்சும். அதே இடத்துத் தொட்டியில் ஆண்டுக்கு 36 கிலோ புரதம். இந்த ஒப்பீட்டைத்தான் எல்லா விளம்பரமும் காட்டும். பணத்தின் கணக்கைக் காட்டாது. கிலோ 120 ரூபாய் உளுந்தில் 100 ரூபாய்க்கு 200 கிராம் புரதம் கிடைக்கிறது. கிலோ 1,500 ரூபாய்ப் பாசியில் 100 ரூபாய்க்கு 40 கிராமே. நெல் அறுத்த ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளிக்கும் நம் டெல்டா விவசாயிக்குப் புரதத்திற்காகப் பாசி தேவையில்லை. நாளுக்கு ஒன்றிரண்டு கிராம் என்ற அளவில், இரும்பும் கரோட்டினும் தரும் துணையுணவாகவே இதனை மதிக்கவேண்டும். அந்த அளவில் குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 300 கிராம், அடக்க விலையில் 316 ரூபாய். இது பெரிய தொகையன்று. ஆயினும் வேலிதோறும் முருங்கை நிற்கும் ஊரில், கீரையைப் பறித்துப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டபின் மீதியைப் பற்றிப் பேசலாம் என்பது என் அபிப்பிராயம். ஆடு மாடு வளர்ப்போர் அசோலாக் குழி வெட்டிக்கொண்டால், செலவு குறைவு, சந்தைக் கவலை இல்லை, வீட்டுக் கறவைக்கே பயன்.

இரண்டு விதிகளை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். குளத்திலும் கோயில் திருக்குளத்திலும் மிதக்கும் பச்சையை வாரி உண்ணவோ, விதையாகத் தொட்டியில் இடவோ கூடாது. அவற்றில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சுள்ள இனங்கள் இருக்கக்கூடும். கண்ணால் பார்த்து வேறுபாடு அறிய இயலாது. விதைப்பாசியை ஆராய்ச்சி நிலையத்திலிருந்தே பெறவேண்டும். மற்றொன்று, 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமம் பெறாமல் ஒரு பொட்டலமும் விற்கலாகாது. பொடியாக விற்பதா, மாத்திரையாக விற்பதா, மாவில் கலந்து விற்பதா என்பதைப் பொறுத்து உரிமத்தின் வகை மாறுமாதலால், தொட்டி கட்டுவதற்கு முன்பே உணவுப் பாதுகாப்பு அதிகாரியைக் கண்டு கேட்டுக்கொள்வது நலம். நீரிழிவைப் போக்கும், புற்றுநோயைத் தீர்க்கும் என்று பொட்டலத்தில் அச்சிடுவது குற்றமாகும்.

இவ்வளவையும் கேட்டபின் குழுவின் தலைவி சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்படியானால் வேண்டாம் என்கிறீர்களா, ஐயா?” என்று கேட்டார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 3,60,000 ரூபாய்க் கடனோடு தொடங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து அவர்களே ஒரு முடிவோடு வந்தார்கள். முகவரின் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சேஷாத்ரி குழுவினர் காட்டிய வழியில் ஆறு மண்தாழிகளை ஓர் உறுப்பினர் வீட்டுத் தாழ்வாரத்தின் கீழ், மழை படாத இடத்தில் வைத்து, தை முதல் ஆனி வரை வளர்த்துத் தங்கள் வீடுகளிலேயே உண்பது. அதற்குள் யார் யார் விலை கொடுத்து வாங்குவார்கள் என்று பெயர் எழுதிச் சேர்ப்பது. நூறு பெயர் சேர்ந்தால் இரண்டு தொட்டிக்கு மட்டும் கடன் கேட்பது என்பது அவர்கள் தீர்மானம்.

அதன்படி கடன் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். வெப்பமானி ஒன்றும், பி.எச். பார்க்கும் தாள்கட்டு ஒன்றும், கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். புத்தகத்தில் நீரின் சூடு, எடுத்த பாசியின் எடை ஆகியவற்றோடு, வேலை செய்த நேரத்திற்கும் ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தியைத் தலைவி தாமே கேட்டு வரையச் சொன்னார்.

இரண்டு தொட்டிக்கான மதிப்பீட்டையும் முன்கூட்டியே எழுதி வைத்துள்ளேன். அதில் கூரையின் செலவு முதல் வரியில் இருக்கிறது.